தம்பியை வேன்ல ஏத்தி விடுறதுக்கு முன்னாடி

உசிலம்பட்டி பக்கத்து கிராமத்துல இருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க. தம்பிக்கு 34 வயசு, கொத்தனார் வேலை, பத்து வருஷத்துக்கு மேல குடி, இப்பல்லாம் காலையில எந்திரிச்சதும் கை நடுக்கம் நிக்கவே ஒரு கட்டிங் வேணும். போன மாசம் திருவிழாவுக்கு காப்பு கட்டிட்டு ஒரேடியா நிறுத்தியிருக்காரு, மறுநாளே வலிப்பு வந்து விழுந்துட்டாரு. ஊர்ல சாமி குத்தம்ங்கிறாங்க. "ஒரு சென்டருக்கு போன் போட்டா வேன்ல வந்து தூக்கிட்டு போயிருவாங்களாம், மூணு மாசம் பாக்க விடமாட்டாங்களாம், அனுப்பட்டுமா, இல்ல சாப்பாட்டுல கலந்து குடுக்குற மருந்து வாங்கட்டுமா"ன்னு கேக்குறாங்க.

அக்கா, ரெண்டுமே வேணாம். மதுரையில குடிநோயாளிங்க குடும்பங்களோட பல வருஷமா வேலை பாக்குற சமூகப் பணியாளர்ங்கிற முறையில சொல்றேன், மொதல்ல அந்த வலிப்பப் பத்தி பேசிருவோம்.

அது சாமி குத்தம் இல்லக்கா. வருஷக்கணக்கா தெனமும் சாராயத்துக்குப் பழகுன மூளை, திடீர்னு அது வரலைன்னதும் தறிகெட்டு ஓடுது, அவ்வளவுதான். நிறுத்துன ஆறு மணி நேரத்துலயே நடுக்கம், வேர்வை, தூக்கமின்மை ஆரம்பிக்கும், ரெண்டு நாளைக்குள்ள வலிப்பு வரலாம், ரெண்டாம் நாளுக்கும் நாலாம் நாளுக்கும் நடுவுல ஆள் குழம்பிப்போயி இல்லாததெல்லாம் தெரியுதுன்னு பேச ஆரம்பிச்சா அது உசுருக்கே ஆபத்து, உடனே 108 கூப்பிடணும். ஒருதடவ வலிப்பு வந்தவருக்கு அடுத்த தடவையும் வர வாய்ப்பு அதிகம், அதனால இனிமே அவரு வீட்ல தானா நிறுத்தவே கூடாது, ஆஸ்பத்திரி மேற்பார்வையில தான் நிறுத்தணும். நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்க அஞ்சாறு நாளைக்கு மாத்திரை குடுத்து கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு எடுத்துருவாங்க. இன்னொண்ணு, நம்ம ஊர்ல குடிச்சுக் கெடந்தா ஒடனே தெருமுனை கிளினிக்ல குளுக்கோஸ் பாட்டில் ஏத்துற பழக்கம் இருக்குல்ல, அங்க "இவரு ரொம்ப வருஷமா குடிக்கிறவரு"ன்னு மறைக்காம சொல்லிருங்க. இவங்களுக்கு உடம்புல பி1 வைட்டமின் வத்திப்போயிருக்கும், அந்த ஊசியப் போடாம வெறும் குளுக்கோஸ் ஏத்துனா மூளை பாதிக்கப்படலாம். வெக்கப்பட்டு மறைக்கிறதுல தான் பல பேருக்கு ஞாபக சக்தியே போயிருக்கு.

சோத்துல கலக்குற மருந்து, அதை நெனச்சாலே எனக்கு பதறுது. டைசல்ஃபிராம்னு ஒரு மாத்திரை நெஜமாவே இருக்கு, அதைச் சாப்பிட்டுட்டு குடிச்சா மூஞ்சி செவந்து, நெஞ்சு படபடன்னு அடிச்சு, வாந்தி வந்து, பிரஷர் இறங்கிரும், சிலருக்கு உசுரே போயிரும். கல்லீரல் டெஸ்ட் பாத்து, ஆளுக்கே விளக்கிச் சொல்லி, அவரு சரின்னா மட்டும் குடுக்க வேண்டியது, நிறுத்துனதுக்கப்புறமும் ரெண்டு வாரம் வரைக்கும் உடம்புல வேலை செய்யும். தெரியாம கலந்து வச்சா அவரு வழக்கம்போல போயி ஒரு குவார்ட்டர் அடிப்பாரு, என்ன நடக்குதுன்னே தெரியாம விழுவாரு. கடையில பேர் தெரியாத பொடின்னு விக்கிறாங்கன்னா அது இன்னும் மோசம், உள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? கலந்து குடுத்தது தெரிஞ்சிருச்சுன்னா உங்க கையால அப்புறம் தண்ணி கூட வாங்கிக் குடிக்க மாட்டாரு.

வேன் விஷயம். குடிநோயும் 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்துக்குள்ள வருது. ஒருத்தர அவரு சம்மதம் இல்லாம சேக்கணும்னா மனநல மருத்துவர் ஒருத்தரும் இன்னொரு நிபுணரும் தனித்தனியா பரிசோதிக்கணும், அப்பவும் 30 நாள் தான், அதுக்கு மேலன்னா இதுக்குன்னே இருக்குற ரிவ்யூ போர்டு, அதாவது மனநல மறுஆய்வு வாரியத்தோட ஒப்புதல் வேணும். சங்கிலி போட்டுக் கட்டி வைக்கிறதுக்கு அனுமதியே இல்ல. நமக்குப் பக்கத்துல ஏர்வாடியில 2001 ஆகஸ்ட் 6ல தீப்பிடிச்சப்ப 28 பேர் சங்கிலியோடவே கருகுனாங்களே, அதை மறக்க முடியுமா? எந்த மையம்னாலும் மாநில மனநல ஆணையத்துல பதிவு பண்ணிருக்கான்னு சான்றிதழ காட்டச் சொல்லுங்க, டாக்டர் எப்ப வருவாருன்னு கேளுங்க, போன் பேச முடியாது, பாக்க முடியாதுன்னு சொன்னாங்கன்னா அங்கிட்டே போகாதீங்க.

சரி, எங்க போறது? உசிலம்பட்டி ஜிஎச்ல ஓபி சீட்டு போடுற இடத்துல மாவட்ட மனநலத் திட்ட டாக்டர் எந்தக் கிழமை வர்றாருன்னு கேளுங்க. வலிப்பு வந்த ஆளுங்கிறதால மதுரை பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போகச் சொல்லுவாங்க, அங்க செலவு இல்ல. தனியா முடிவெடுக்க பயமா இருந்தா 14416க்கு போன் போடுங்க, டெலிமானஸ்ங்கிற அரசாங்க மனநல உதவி எண், ராத்திரி பகல் எந்நேரமும் தமிழ்லயே பேசுவாங்க. போதைக்குன்னே தனியா 14446ம் இருக்கு. மதுரையில எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை 1992ல இருந்து மனநல மறுவாழ்வு வேலை செய்யுது, அங்கயும் விசாரிக்கலாம்.

ஆனா ஆஸ்பத்திரி வேலை பத்து இருபது நாள் தான்க்கா. அப்புறம் அவரு திரும்பி வர்றது அதே தெருவுக்கு, அதே சனிக்கிழமை சம்பளத்துக்கு, அதே கூட்டாளிங்ககிட்ட. 1989ல திருவாரூர் பக்கம் மஞ்சக்குடியில சென்னையில குடிநோய் சிகிச்சை மையம் நடத்துன சாந்தி ரங்கநாதன் அம்மா டீம் குடிநோயாளிங்கள சென்னைக்குக் கூட்டிட்டுப் போகாம, கிராமத்துலயே முகாம் போட்டு வைத்தியம் பாத்தாங்க. குடும்பமும் ஊரும் கூட நிக்கும், போற வர்ற செலவு மிச்சம், பின்னாடி தொடர்ந்து பாக்கவும் சுலபம். உங்க தம்பிக்கு நீங்க அதையே சின்னதா செய்யலாம். மேஸ்திரிகிட்ட பேசுங்க, சம்பளத்த சனிக்கிழமை சாயங்காலம் கையில குடுக்காம ஞாயித்துக்கிழமை காலையில வீட்டுக்கோ, தம்பி சம்மதத்தோட அவரு சம்சாரம் அக்கவுண்டுக்கோ போடச் சொல்லுங்க, இந்த ஒரு மாத்தம் நான் பாத்த வரைக்கும் பல பேரக் காப்பாத்திருக்கு. கோயில்ல கயிறு கட்டணும்னா தாராளமா கட்டுங்க, ஆனா உடம்பு தெளிஞ்சு டாக்டர் சரின்னதுக்கு அப்புறம். ஏஏ, அதாவது குடிய விட்டவங்களும் விட நெனக்கிறவங்களும் கூடிப் பேசுற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்கு ஒரு நாள் கூட்டிட்டுப் போங்க, பீஸ் கிடையாது, பேரச் சொல்ல வேண்டியதில்ல, குடிய விடணும்ங்கிற ஆசை மட்டும் போதும், அவர மாதிரியே காலையில கை நடுங்குனவரு இப்ப பேரனத் தூக்கிட்டு நிக்கிறத அவரு கண்ணால பாக்கணும், நாங்க மணிக்கணக்கா பேசுறது அதுக்கு ஈடாகாது.

நடுவுல ஒரு நாள் குடிச்சிட்டு வந்துட்டா தெருவக் கூட்டாதீங்க. மறுநாள் தெளிஞ்சதும் எங்க, யாரோட, எதனாலன்னு கேட்டு வச்சுக்கிட்டு அடுத்த ஓபியில சொல்லுங்க. குடி நின்னதுக்கு அப்புறமும் ரெண்டு மூணு வாரம் யார்கிட்டயும் பேசாம மூலையில உக்காந்திருந்தா, "நான் எதுக்கு இருக்கேன்"ன்னு சொன்னா, அதை நடிப்புன்னு நெனக்காதீங்க, சாகணும்னு தோணுதான்னு நேரடியாவே கேளுங்க, கேக்குறதால அந்த எண்ணம் புதுசா வந்துராது. அன்னைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டு வாங்க, வயலுக்கு வாங்கி வச்ச பூச்சிமருந்த வீட்ட விட்டு வெளியேத்திருங்க.

இப்ப அவசரம் ஒண்ணு தான். அவரு போதையில இல்லாத நேரம், காலையில நடுக்கம் கொஞ்சம் அடங்குனப்ப, "வலிப்பு வந்துச்சுல்ல, அதுக்கு டாக்டரப் பாப்போம்"னு மட்டும் சொல்லிக் கூப்பிடுங்க. குடியப் பத்தி பேச்சே எடுக்க வேணாம், அதை டாக்டர் கேட்டுக்குவாரு. ஓபி காலையில தான், ஆதார் கார்டையும் பழைய மருந்துச் சீட்டையும் மறக்காம எடுத்துக்கங்க. வலிப்பு வந்தத கண்ணால பாத்தது அவரு சம்சாரம்னா அவங்களையும் கூட்டிட்டு வாங்க, எத்தன நிமிஷம் இழுத்துச்சுன்னு டாக்டர் மொதல்ல அதைத்தான் கேப்பாரு.