இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் பிள்ளைகளையும் சமையலையும் திணறாமல் சமாளிப்பது எப்படி?

கணவன், மனைவி இருவருக்கும் வேலை, இரண்டு சிறு பிள்ளைகள், கூடவே இருந்து பார்த்துக்கொள்ளப் பெரியவர்கள் யாரும் இல்லை, காலை ஆறிலிருந்து எட்டு வரை வீட்டில் மூச்சு விட முடியவில்லை என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீடும் அப்படித்தான். திருச்சியில் இருக்கிறோம். நான் ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்க்கிறேன். கணவருக்குத் தொழிற்சாலையில் ஷிஃப்ட். ஒரு வாரம் காலை 6 மணி முதல் 2 வரை, அடுத்த வாரம் 2 முதல் இரவு 10 வரை, அதற்கடுத்த வாரம் நைட். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஐந்து. பள்ளி வேன் 7.50-க்குத் தெருமுனைக்கு வந்துவிடும். மாமியார் ஊரில் வயலைப் பார்த்துக்கொள்கிறார், வேலை ஓய்ந்த மாதங்களில் வந்து தங்குவார்.

முதல் மூன்று வருடம் நேரத்தை மிச்சம் பிடிக்கத்தான் பாடுபட்டேன். ஐந்து மணிக்கு எழுந்து பார்த்தேன், பிறகு நாலரைக்கு எழுந்து பார்த்தேன். வேலை முடிந்தது, அலுப்பு மட்டும் போகவில்லை. ஏன் என்று எனக்குப் புரிந்தது போன வருடம் ஒரு திங்கட்கிழமைதான். அன்று மகனுடைய வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் மஞ்சள் சட்டை போட்டு வரவேண்டுமாம். இவன் மட்டும் சீருடையில் போயிருக்கிறான். சாயங்காலம் நான் வந்ததும் அழவில்லை, சத்தமே இல்லாமல் கேட்டான்: “எனக்கு மட்டும் ஏம்மா மஞ்சச் சட்டை இல்ல?” வெள்ளிக்கிழமையே வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்திருந்தது. இருவர் போனிலும் இருந்தது. கணவர் படித்தும் இருக்கிறார். “நீ பாத்துப்பேன்னு நெனச்சேன்” என்றார்.

அவர் சொன்னது பொய் இல்லை. அவர் பாத்திரம் தேய்ப்பார், வீடு பெருக்குவார், பிள்ளைகளை வேன் ஏற்றுவார். சொன்னால் எல்லாம் செய்வார். ஆனால் எது எப்போது செய்யவேண்டும் என்று நினைவில் வைத்துக்கொள்ளும் வேலை முழுக்க என் தலையில் இருந்தது. பால் தீர்ந்தது, ஷூ சின்னதானது, ஊசி போடும் தேதி, புராஜக்ட் அட்டை, நாளைக்கு என்ன குழம்பு எல்லாமே. 2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாமல் தங்கள் வீட்டு வேலையைச் செய்யும் பெண்கள் நாளுக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் அதில் செலவிடுவதாக வந்தது. அது வேலையாக உட்கார்ந்து செய்யும் நேரத்துக்கான கணக்கு. பஸ்ஸில் உட்கார்ந்தபடி ‘உளுந்து ஊறப்போட்டேனா’ என்று யோசிக்கும் நேரத்தை யார் அளப்பது?

அன்று இரவு இருவரும் உட்கார்ந்து பேசி ஒரே ஒரு விஷயம் முடிவு செய்தோம். இனி யாரும் யாருக்கும் ‘உதவி’ செய்வதில்லை. ஒரு வேலை ஒருவருடையது என்றால், அது தலை முதல் கால் வரை அவருடையது. கவனிப்பது, வாங்குவது, செய்வது, எடுத்து வைப்பது எல்லாம் அவர்தான். நான் எழுதப்போகும் மற்ற எல்லாவற்றையும்விட இது ஒன்றுதான் எங்கள் வீட்டை மாற்றியது.

இட்லி மாவைச் சொல்கிறேன். மாவு இப்போது கணவருடைய வேலை. அரிசி எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதும் அவர்தான். நான்கு டம்ளர் இட்லி அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். விடுமுறை நாளில் ஊறப்போட்டு சாயங்காலம் கிரைண்டரில் அரைப்பார். முதல் இரண்டு வாரம் இட்லி கல் மாதிரி வந்தது. உளுந்து பொங்கப் பொங்க அரையாததுதான் காரணம் என்று எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. அது எனக்கு மிகக் கஷ்டமாக இருந்தது என்று உண்மையாகவே சொல்கிறேன். பக்கத்தில் நின்று திருத்திக்கொண்டே இருந்தால் அந்த வேலை மறுபடி நம்மிடமே வந்துவிடும். மூன்றாவது வாரம் அவரே அவர் அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டார். அரைக்கும்போது தெளிக்கப் பிரிட்ஜ் தண்ணீர், கொஞ்சம் கொஞ்சமாக. இப்போது என் மாவைவிட அவருடையது நன்றாக இருக்கிறது.

மாவில் இன்னொன்றும் அவர் கண்டுபிடித்தார். அரைத்ததும் மாவை இரண்டு பாத்திரமாகப் பிரித்துவிடுவார். ஒன்று வெளியே புளிக்கும், மற்றது புளிக்கும் முன்பே பிரிட்ஜுக்குள் போய்விடும். புதன்கிழமை இரவு அந்த இரண்டாவது பாத்திரத்தை வெளியே எடுத்து வைத்தால், வியாழக்கிழமை காலை புது மாவு போல இட்லிக்கு ஆகும். முன்பெல்லாம் வியாழன் என்றால் புளித்த தோசையும் பிள்ளைகளின் முகச்சுளிப்பும்தான். திருச்சி வெயிலில் சித்திரை, வைகாசியில் ஐந்தாறு மணி நேரத்தில் பொங்கிவிடும். மார்கழியில் மட்டும் பாத்திரத்தை மூடி, அணைத்த அடுப்பின் பக்கத்தில் வைக்கவேண்டும்.

என்ன சமைப்பது என்ற கேள்வியை வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் கேட்காதீர்கள். எங்கள் வீட்டில் மதியச் சாப்பாட்டுக்குக் கிழமை உண்டு. திங்கள் சாம்பார், செவ்வாய் எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கும், புதன் கீரைக் கடைசல், வியாழன் காரக்குழம்பு, வெள்ளி தயிர் சாதத்தோடு ஏதாவது ஒரு பொரியல். சனி, ஞாயிறு அன்று தோன்றுவது. சலிக்காதா என்று கேட்பார்கள். பிள்ளைகளுக்குச் சலிக்கவில்லை, டப்பாவில் என்ன இருக்கும் என்று முன்கூட்டியே தெரிவது அவர்களுக்குப் பிடித்திருக்கிறது. காய் வாங்குவதும் எளிதாகிவிட்டது, பாதி வாடித் தூக்கிப் போடுவது நின்றது.

ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணி நேரம் அடுக்களைக்கு ஒதுக்குகிறோம், நான்கு பேருமாக. சின்ன வெங்காயம் உரித்து டப்பாவில். தேங்காய் துருவி ஃப்ரீசரில், ஒரு நாளைக்கு ஒரு பொட்டலமாக. புளியைக் கெட்டியாகக் கரைத்து, கொதிக்கவிட்டு, ஆறியதும் பாட்டிலில். வெங்காயம் தக்காளி வதக்கல் மூன்று நாளுக்கு மட்டும், அதற்கு மேல் வைப்பதில்லை. கீரையைக் கழுவாமல் ஆய்ந்து துணியில் சுற்றி வைத்தால் புதன் வரை தாங்கும். வெண்டைக்காயை முந்தின இரவே கழுவித் துடைத்து வைத்துவிட்டால் காலையில் வழவழப்பு இல்லாமல் நறுக்கலாம். பருப்புப்பொடியும் இட்லிப்பொடியும் எப்போதும் இருக்கவேண்டும். சட்னி அரைக்க முடியாத நாளில் பொடியும் நல்லெண்ணெயும் போதும், அதற்காக மனம் குறுகவேண்டிய அவசியமே இல்லை.

அடுத்தது காலண்டர். போனில் எத்தனையோ செயலிகள் போட்டுப் பார்த்தேன். அவை என் போனில் இருந்தன, அதனால் மறுபடி என் தலைக்குள்தான் இருந்தன. இப்போது ஹாலில் தொங்கும் மாதக் காலண்டர்தான். நல்ல நேரத்துக்குக் கீழே இருக்கும் சின்னக் கட்டத்தில் எழுதுகிறோம். கணவருடைய ஷிஃப்ட் ஒரு எழுத்து. பள்ளிச் செய்தி எதுவானாலும், அதை முதலில் படித்தவர் அந்த நிமிடமே எழுந்துபோய் எழுதவேண்டும். கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதியும் அங்கேதான். எங்களுக்கு ஒரு சிலிண்டர் ஏறக்குறைய 45 நாள் வருகிறது, எனவே எப்போது பதிவு செய்வது என்று யோசிக்கவே வேண்டாம். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, வேன் பணம் ஐந்தாம் தேதி. ஜனவரியில் புதுக் காலண்டர் மாட்டும் அன்றே ஊசிகளைக் குறித்துவிடுவோம். ஐந்து வயது முடிந்ததும் மகனுக்கு டிபிடி பூஸ்டர் (தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், டெட்டனஸ் மூன்றுக்குமான ஊசி), மகளுக்குப் பத்து வயதில் டிடி (டெட்டனஸ், தொண்டை அடைப்பானுக்கு). இந்த இரண்டும் பலர் மறந்துவிடும் ஊசிகள், கைக்குழந்தை வயதோடு தடுப்பூசி முடிந்துவிட்டது என்று நினைத்துவிடுகிறோம்.

ஞாயிறு இரவு பிள்ளைகள் தூங்கியதும் நானும் அவரும் பதினைந்து நிமிடம் அந்தக் காலண்டர் முன்னால் நிற்போம். அவர் நைட் ஷிஃப்ட் வாரம் என்றால் காலையில் வேன் ஏற்றுவது யார், இரண்டாவது ஷிஃப்ட் வாரம் என்றால் நான்கு மணிக்குப் பிள்ளைகள் யாரிடம் இருப்பார்கள் என்று அப்போதே முடிவாகிவிடும். அந்த வாரங்களில் எதிர் வீட்டு அக்காவிடம் விடுகிறோம். சும்மா விடவில்லை, மாதம் இவ்வளவு என்று பேசிக் கொடுக்கிறோம். பழக்கத்துக்காகக் கேட்டுக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் இரண்டு பக்கமும் மனக்கசப்பு வரும். பணம் பேசியதில் அக்காவுக்கும் நிம்மதி, எங்களுக்கும் உரிமையோடு அனுப்ப முடிகிறது. எங்கள் இருவர் எண்ணும் அக்கா எண்ணும் கதவுக்குப் பின்னால் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறது. மகள் மூன்றையும் மனப்பாடமாகச் சொல்வாள்.

காலை நேரம் என்பது முந்தின இரவு 8.45-க்கே தொடங்கிவிடுகிறது. பை, சீருடை, அடையாள அட்டை, சாக்ஸ் திணித்த ஷூ எல்லாம் வாசல் பக்கத்தில் ஒரே பெஞ்சில். கால அட்டவணை பார்த்துப் பை அடுக்குவது மகள் வேலை. ஒருநாள் கணக்கு நோட்டை விட்டுவிட்டுப் போனாள். எனக்குத் தெரிந்தும் ஓடிப்போய்க் கொடுக்கவில்லை, அதற்கப்புறம் அவளே இரண்டு முறை சரிபார்க்கிறாள். சாக்ஸை ஷூவுக்குள் வைப்பது மகன் வேலை. ஐந்து வயதுக் குழந்தைக்கு அது பெரிய பொறுப்பு, அதை அவன் பெருமையோடு செய்கிறான்.

மருந்துப் பெட்டி பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதவேண்டும். ஒருமுறை கணவர் நைட் ஷிஃப்டில் இருந்தபோது மகனுக்கு இரவு ஒரு மணிக்குக் காய்ச்சல் கொதித்தது. வீட்டில் பாராசிட்டமால் சிரப் இரண்டு பாட்டில் இருந்தது. ஒன்றில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம், இன்னொன்றில் 250. எது அவனுக்கு டாக்டர் சொன்னது, எத்தனை மில்லி என்று எனக்கு நினைவுக்கு வரவில்லை. கை நடுங்கியது. அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது, பாட்டில் மாறினால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆகிவிடும். அன்றிலிருந்து டாக்டர் சொன்ன ஒரே வகைதான் வீட்டில் இருக்கும். பெட்டி மூடியின் உள்பக்கம் இரண்டு பிள்ளைகளின் எடை, டாக்டர் எழுதிக்கொடுத்த அளவு, எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை என்று ஒட்டியிருக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடை பார்த்து, மாறியிருந்தால் டாக்டரிடம் கேட்டு மாற்றுவோம். கூடவே வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைக் கரைசல்) பொட்டலம். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் மொத்தமாகக் கரைக்கவேண்டும், கொஞ்சம் கொஞ்சமாகத் தம்ளரில் போட்டுக் கலக்கக்கூடாது. கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட்டு மிச்சத்தைக் கொட்டிவிடவேண்டும். வயிற்றுப்போக்குக்கு டாக்டர் துத்தநாக மாத்திரை 14 நாள் எழுதினால், மூன்றாம் நாளே நின்றுவிட்டது என்று நிறுத்தாதீர்கள்.

துணி பற்றிப் பெரிதாக ஒன்றும் இல்லை. சீருடைக்கு மட்டும் இஸ்திரி, மற்றதெல்லாம் ஆளுக்கொரு கூடையில். மடிப்பது அவரவர் விருப்பம்.

கடைசியாக, எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது. நான் 6.15-க்கு வீட்டுக்கு வருவேன். முன்பு வந்ததும் நேராக அடுக்களைக்குள் போய்விடுவேன், சீக்கிரம் முடித்துவிட்டுப் பிள்ளைகளோடு உட்காரலாம் என்று. அவர்கள் பின்னாலேயே வந்து புடவையைப் பிடித்து இழுப்பார்கள், சண்டை போடுவார்கள், நான் கத்துவேன். இப்போது கை கால் கழுவியதும் ஹாலில் தரையில் பதினைந்து நிமிடம் உட்கார்ந்துவிடுகிறேன். போன் அலமாரியில். வேகவைத்த கடலையோ சுண்டலோ ஒரு கிண்ணம். நான் எதுவும் கேட்பதில்லை, அவர்களாகச் சொல்வதைக் கேட்கிறேன். பத்து நிமிடத்தில் மகன் தானாக எழுந்து விளையாடப் போய்விடுவான். மகள் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் தோளில் சாய்ந்திருப்பாள். அப்புறம் எழுந்து சமைத்தால் முன்பைவிடச் சீக்கிரமே முடிகிறது.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்காதீர்கள். நாங்கள் மாவும் காலண்டரும் மட்டுமே இரண்டு மாதம் செய்தோம், மற்றதெல்லாம் அதன்பின் ஒவ்வொன்றாக வந்தது. உங்கள் பிள்ளைகளுக்கு என்ன வயது என்று கேள்வியில் இல்லை. இருவரில் ஒன்று கைக்குழந்தை என்றால் இதில் பாதி பொருந்தாது, இரவுத் தூக்கத்தை இருவரும் எப்படிப் பங்கு போடுவது என்பதிலிருந்துதான் தொடங்கவேண்டும். வயதைக் குறிப்பிட்டால் அந்தக் காலத்தில் நாங்கள் செய்ததைத் தனியாக எழுதுகிறேன்.