ரெண்டு சுழியா, மூணு சுழியா? மானிட்டர் கேள்வி பதில்

கேள்வி: டிடிபி வேலை. நாள் முழுக்கத் தமிழ்ப் பக்கங்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறேன். இருப்பது 24 இன்ச் ஃபுல் எச்டி மானிட்டர். எழுத்து தெளிவாக இல்லையே என்று கேட்டால், கடையில் 27 இன்ச் ஃபுல் எச்டியைக் காட்டுகிறார்கள். வாங்கலாமா?
– வாசகி, சிவகாசி

பதில்: வேண்டாம். உங்களிடம் உள்ள அதே 1920 × 1080 பிக்சல்தான் அதிலும். திரை பெரிதானால் பிக்சலும் பருக்கும்; ஓர் இன்ச்சுக்கு 92 இருந்தது 82 ஆகிவிடும். பக்கத்தில் ஒரு வரிகூட அதிகம் தெரியாது. எழுத்து பெரிதாகும், விளிம்பு சொரசொரக்கும்.

தமிழுக்கு இது கூடுதல் தொல்லை. ரெண்டு சுழி ‘ன’வா, மூணு சுழி ‘ண’வா என்பதைச் சில பிக்சல்கள்தான் தீர்மானிக்கின்றன. 10 பாயின்ட் எழுத்தை உண்மை அளவில் பார்த்தால், மெய்யெழுத்தின் புள்ளி ஒன்றிரண்டு பிக்சலுக்குள் அடங்கிவிடும். பிழை நழுவுவது அங்கேதான்.

27 இன்ச்சில் 2560 × 1440 வாங்குங்கள். இன்ச்சுக்கு 109 பிக்சல்; வேலை செய்யும் இடமும் முக்கால் மடங்குக்கு மேல் கூடும். கையில் பணம் இருந்தால் அதே அளவில் 4கே (3840 × 2160, இன்ச்சுக்கு 163). விண்டோஸில் ஸ்கேலிங்கை (எழுத்தையும் ஐகானையும் பெரிதாக்கிக் காட்டும் அமைப்பை) 150% வைத்தால் 1440 தரும் அதே இடம்தான் கிடைக்கும், ஆனால் எழுத்து அச்சுபோல நிற்கும். ஒரு சிக்கல்: பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள்கள் ஸ்கேலிங்கில் மங்கித் தெரியலாம். அதன் ஐகானில் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, ‘சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்’. அங்கே கடைசிக் கட்டத்தை டிக் செய்து ‘அப்ளிகேஷன்’ என்று வையுங்கள். மங்கல் போகும், மெனு மட்டும் பொடியாகிவிடும். அதைச் சகித்துக்கொள்ள முடியாதென்றால் 1440 போதும்.

திரையின் பேனல் ஐபிஎஸ் வகையாக இருக்கட்டும். இன்னொரு வகையான விஏ பேனலில் கறுப்பு அழகுதான். ஆனால் சற்றுச் சாய்ந்து பார்த்தாலே நிறம் வெளிறும்.

கேள்வி: புது 4கே மானிட்டரில் மவுஸ் அம்பு தத்தித் தத்திப் போகிறது. மானிட்டர் பழுதா?
– வாசகர், ஈரோடு

பதில்: பெரும்பாலும் இருக்காது. செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே, அட்வான்ஸ்டு டிஸ்பிளே போய் ரெஃப்ரெஷ் ரேட்டை (நொடிக்கு எத்தனை முறை படம் மாறுகிறது என்பதை) பாருங்கள். 30 ஹெர்ட்ஸ் என்றிருந்தால் குற்றவாளி இணைப்புதான். எச்டிஎம்ஐ 1.4 போர்ட் 4கே படத்தை நொடிக்கு 30 முறைக்கு மேல் அனுப்பாது. பழைய மதர்போர்டுகள் பலவற்றில் அதுதான் இருக்கிறது. கணினியில் டிஸ்பிளேபோர்ட் என்ற இன்னொரு வகைப் போர்ட் இருந்தால் அதிலிருந்து மானிட்டரின் டிஸ்பிளேபோர்ட்டுக்கே நேராகக் கேபிள் போடுங்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தும் கேபிளை மதர்போர்டில் சொருகியிருப்பவர்களும் உண்டு, அதையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: 32 இன்ச் டிவி மலிவாகக் கிடைக்கிறது. கணக்கு வேலைக்கு ஆகாதா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: மலிவு டிவிகள் பெரும்பாலும் 1366 × 768. இன்ச்சுக்கு 49 பிக்சல். எக்செல் கட்டங்களைக் குனிந்து தேட வேண்டிவரும். ஆகாது.

கேள்வி: மாலையானால் கண் எரிகிறது, கழுத்தும் வலிக்கிறது. வளைந்த மானிட்டர் மாற்றினால் சரியாகுமா?
– வாசகி, மதுரை

பதில்: முதலில் செலவில்லாததைச் செய்யுங்கள். ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, காலியான வேர்டு பக்கத்தைத் திறந்து, இரண்டும் ஒரே வெளிச்சமாகத் தெரியும்வரை பிரைட்னஸைக் குறையுங்கள். ஜன்னல் முதுகுக்குப் பின்னாலும் வேண்டாம், திரைக்குப் பின்னாலும் வேண்டாம், பக்கவாட்டில் இருக்கட்டும். திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்தில், முகத்திலிருந்து ஒரு கை தூரத்தில். பைஃபோகல் கண்ணாடி என்றால் இன்னும் தாழ்த்துங்கள். இல்லாவிட்டால் அடிப்பகுதி லென்ஸ் வழியாகப் பார்க்கத் தலையை அண்ணாந்தபடியே இருப்பீர்கள். கழுத்துவலி அங்கிருந்துதான் வருகிறதா என்று பாருங்கள். ஸ்டாண்ட் உயரம் மாறாவிட்டால், பின்பக்கம் 100 மி.மீ. இடைவெளியில் நான்கு ஸ்க்ரூ துளைகள் உள்ளனவா என்று பார்த்துவிட்டுத் தனியே ஒரு மானிட்டர் ஆர்ம் வாங்கலாம். அது வளைந்த திரையைவிடச் செலவு குறைவு.