ஆணி அடிக்காமல், ஆயிரம் ரூபாய்க்குள்: கோரையும் ஓலையும் மண்ணும் வைத்து வீட்டு அலங்காரம்

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "வாடகை வீட்டில் இருக்கிறோம். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வீடியோ பார்த்து தெர்மாகோல், ஐஸ் குச்சி, சார்ட் பேப்பர் வைத்து நிறையச் செய்து ஒட்டினேன். வெயில் காலத்தில் பாதி விழுந்துவிட்டது. மிச்சம் மழையில் பூஞ்சை பிடித்தது. பட்டாசலில் (கூடத்தில்) ஒரு சுவரின் அடியில் உப்பும் பூக்கிறது. ஆயிரம் ரூபாய்க்குள் நிலைத்து நிற்கிற மாதிரி என்ன செய்யலாம்? எட்டு வயது மகளும் கூட உட்கார்ந்து செய்ய வேண்டும் என்கிறாள்."

அம்மா, உங்கள் கைவேலையில் ஒரு குறையும் இல்லை. எடுத்த பொருள்தான் நம்ம ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் தாங்காதது.

ஹாட் கிளூ என்பது சூட்டில் உருகி ஒட்டுகிற பிளாஸ்டிக். சூடேறினால் அது திரும்பவும் இளகத்தான் செய்யும். மேற்கு வெயில் விழுகிற சுவர் சித்திரை, வைகாசியில் பொழுது சாய்ந்த பிறகும் கை வைத்தால் சுடுகிறது. அதில் எவ்வளவு பசை வைத்தாலும் நிற்காது. இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப் பிடித்துக்கொள்வது சுவரை அல்ல, அதன் மேலிருக்கும் பெயிண்ட்டை. அடியில் ஈரம் இருந்தால் பெயிண்ட் உரிந்து டேப்போடு வந்துவிடும். வாடகை வீட்டில் அது தனிப் பிரச்சினை. சார்ட் பேப்பர், ஐப்பசி கார்த்திகைக் காற்றில் இருக்கிற ஈரத்தையே குடித்து ஊதிவிடும். தெர்மாகோலில் ரப்பர் பசை தடவினால் பசையே அதைக் கரைத்துக் குழி பறித்துவிடும்.

அதனால் இரண்டு முடிவு எடுத்துக்கொள்ளுங்கள். இனி சுவரில் எதையும் ஒட்ட வேண்டாம், தொங்கவிடுங்கள். பொருளும், இந்த வெயிலிலும் மழையிலும் தலைமுறை தலைமுறையாகப் புழங்கி வந்ததாக இருக்கட்டும்: கோரை, பனை ஓலை, சுட்ட மண், கயிறு, பருத்தித் துணி. எல்லாம் உங்களுக்குப் பக்கத்திலேயே கிடைப்பவை. கைவினைக் கடையில் மினுமினுப்புப் பொடியும் பிளாஸ்டிக் பூவும் வாங்குகிற காசைவிடக் குறைவாகவே ஆகும்.

ஆணி இல்லாமல் எதில் தொங்கவிடுவது? வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். வெண்டிலேட்டர் கம்பி, ஜன்னல் கம்பியின் மேல் வரிசை, பரண் விளிம்பு, பழைய தொட்டில் கொக்கி, அலமாரியின் மேல்சட்டம் என்று ஏதாவது இருக்கும். ஹார்ட்வேர் கடையில் 'எஸ்' கொக்கி கிடைக்கும். லேசான பொருளுக்குத் தூண்டில் நரம்பு போதும். கண்ணுக்கும் தெரியாது, துருவும் பிடிக்காது.

பெரிய சுவருக்குக் கோரைப்பாய்தான் என் முதல் சிபாரிசு. வெறுமையாக நிற்கிற சுவரில் சின்னச் சின்னதாகப் பத்துப் பொருள் வைப்பதைவிட, இரண்டடிக்கு மூன்றடியில் ஒரு பாய் தொங்கினால் அறையே அடங்கி அழகாகத் தெரியும். நடுவில் கிழிந்த பழைய பாய் பரணில் இருந்தால் அதன் நல்ல பகுதியை எடுக்கலாம். ஆனால் நேரடியாகக் கத்தரி வைத்துவிடாதீர்கள். பாயில் நீளவாக்கில் ஓடுவது பாவு நூல், குறுக்கே கிடப்பது கோரை. பாவை அறுத்த உடனே விளிம்புக் கோரை ஒவ்வொன்றாக நழுவத் தொடங்கும், ஒரு மணி நேரத்தில் கையில் புல்தான் மிஞ்சும். வெட்ட வேண்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, கோட்டின் இரண்டு பக்கமும் ஒரு அங்குல அகலத்துக்கு வெள்ளைப் பசையை விரலால் தேய்த்து உள்ளே இறக்குங்கள். பாயைத் திருப்பிப் பின்பக்கமும் அப்படியே. ஒரு நாள் முழுக்கக் காயட்டும். பிறகு கோட்டின் மேலேயே வெட்டினால் ஒரு கோரை அசையாது.

வெட்டிய விளிம்பை மூட பழைய பருத்திச் சேலையின் கரையை எடுங்கள். கரையை நீளமாக வெட்டி, நடுவில் மடித்து, பாயின் விளிம்பை அதற்குள் சொருகி, தடித்த நூலால் ஓட்டுத் தையல் போட்டால் போதும். தையல் மெஷினில் விட்டால் ஊசி கோரையை வரிசையாகத் துளைத்து, அந்தக் கோட்டிலேயே பாய் ஒடியும். கையால் தைப்பதுதான் சரி. மேல் விளிம்பில் மட்டும் துணியைக் கொஞ்சம் அகலமாக விட்டு, ஒரு கம்பு நுழைகிற அளவுக்குக் குழாய் மாதிரி தைத்துக்கொள்ளுங்கள். பழைய கர்ட்டன் கம்பியோ சீவிய மூங்கிலோ உள்ளே போகட்டும். கம்பின் இரண்டு முனையிலும் நரம்பைக் கட்டி வெண்டிலேட்டரில் மாட்டிவிடலாம். பாயின் பின்னால் கீழ் மூலை இரண்டிலும் கட்டை விரல் பருமனுக்குக் கயிற்று முடிச்சு ஒன்று தைத்துவிடுங்கள். பாய் சுவரை ஒட்டாமல் கொஞ்சம் விலகி நிற்கும், இடையில் காற்று ஓடும். உப்புப் பூக்கிற சுவரில் அந்த இடைவெளிதான் பாயைக் காப்பாற்றும். வார்னிஷ் பூச வேண்டாம். அது கோரையை விறைப்பாக்கி ஒடியச் செய்யும்.

உங்கள் வீட்டில் கல்யாணத்துக்கு வந்த பத்தமடைப் பாய் இருக்கிறதா? மாப்பிள்ளை, பெண் பெயரை நெய்து சீராகக் கொடுத்த பாய் இந்தப் பக்கம் பல வீட்டு பீரோவில் சுருட்டியபடியே கிடக்கிறது. தாமிரபரணிக் கரைக் கோரையை ஊறவைத்து, நூல் போலக் கீறி நெய்த அந்தப் பாயை வெட்டவே கூடாது. முழுசாகத் தொங்கவிடுங்கள். பின்பக்கம் ஒரு துணிக் குழாயை மட்டும் மெல்லிய ஊசியால் தைத்துக் கம்பை நுழைத்தால் போதும். சாயம் மங்காமல் இருக்க நேர் வெயில் படாத சுவராகப் பாருங்கள். காசு கொடுத்து வாங்குகிற எந்த அலங்காரமும் அதன் பக்கத்தில் நிற்க முடியாது என்பது என் அபிப்பிராயம்.

அடுத்தது பனை ஓலை. இதற்கு நேரம் பார்த்து வாங்க வேண்டும். பொங்கலுக்கு அடுப்பெரிக்க ஓலைக் கட்டுகள் மார்க்கெட்டுக்கு வரும். திருக்கார்த்திகைக்கு ஓலைக் கொழுக்கட்டை அவிக்கக் குருத்தோலை வரும். பின்னலுக்கு வேண்டியது குருத்தோலைதான். முற்றிய சாரோலை மடித்தால் வெடிக்கும். வாங்கிய ஓலையை ஈர்க்கு நீக்கி, அரை அங்குல அகலத்துக்குக் கீறுங்கள். ஒரு முனையை மட்டும் பிளேடால் கீறிவிட்டு, மிச்சத்தை இரண்டு கைப் பெருவிரலாலும் இழுத்துப் பிரித்தால் ஓலை தன் நரம்போடே நேராகக் கிழியும். முழுக்க பிளேடை ஓட்டினால்தான் கோணிப்போகும். கீறியதை மஞ்சள் பொடி போட்ட தண்ணீரில் கொஞ்ச நேரம் கொதிக்கவைத்து நிழலில் உலர்த்துங்கள். ஓலைச்சுவடிக்கு ஓலை பதப்படுத்தியவர்களும் அவித்து உலர்த்தித்தான் எடுத்தார்கள். பாதி ஓலைக்குச் சாயப்பொடி போட்டு அவித்தால் இரண்டு நிறம் கிடைக்கும்.

பின்னுவதற்குக் கால் மணி முன்னால் கீற்றுகளைத் தண்ணீரில் நனைத்து, ஈரத்துணியில் சுற்றிவைத்துக்கொள்ளுங்கள். ஒரு அடிச் சதுரத்துக்கு நீளவாக்கில் இருபத்துநாலு, குறுக்கே இருபத்துநாலு கீற்று. விளிம்பு மடிக்கவும் வேண்டும் என்பதால் ஒவ்வொன்றும் ஒன்றேகால் அடிக்குக் குறையக் கூடாது. ஒன்றின் மேல், ஒன்றின் கீழ் என்று சாதாரணப் பின்னல்தான். புதிதாகச் செய்கிறவர்கள் பின்னி முடித்த உடனே விளிம்பை மடித்துவிடுகிறார்கள். அங்கேதான் தவறு. ஈர ஓலை காயும்போது அகலம் சுருங்கும், மறுநாள் பார்த்தால் பின்னலில் கண் கண்ணாக ஓட்டை தெரியும். ஒரு நாள் விளிம்பு மடிக்காமல் காயவிடுங்கள். காய்ந்ததும் ஒவ்வொரு கீற்றாக நடுவை நோக்கி நெருக்கித் தள்ளுங்கள். பிறகு முனைகளை மட்டும் நனைத்து, பின்பக்கம் மடித்துப் பின்னலுக்குள்ளேயே சொருகுங்கள். பசையே தேவைப்படாது. இப்படி மூன்று சதுரம் செய்து நரம்பில் ஒன்றின்கீழ் ஒன்றாகக் கட்டினால் தார்சாச் (முன்கட்டு) சுவருக்கு அருமையாக இருக்கும்.

பின்னப் பொறுமை இல்லாத நாளில் கடையில் ஒரு கொட்டானோ சின்ன ஓலைப்பெட்டியோ வாங்கிக் கவிழ்த்து விளக்குக் கூடாக்கலாம். பின்னல் இடுக்கு வழியாக விழுகிற வெளிச்சம் சுவரில் கட்டம் கட்டமாக விழும். எல்.இ.டி. பல்பு மட்டுமே போடுங்கள், ஐந்து வாட் தாராளம். பழைய குண்டு பல்பு கூடவே கூடாது. அதன் சூட்டில் ஓலை கருகித் தீப்பிடிக்கும். பல்பு ஓலையில் முட்டாமல் நடுவில் நிற்க வேண்டும், பெட்டியின் மேல்பக்கம் சூடு வெளியேற வழியும் வேண்டும். உங்கள் ஆயிரம் ரூபாயில் எங்கே வேண்டுமானாலும் சிக்கனம் பாருங்கள், ஹோல்டரிலும் வயரிலும் மட்டும் பார்க்காதீர்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதை வாங்கி, எலக்ட்ரீஷியனைக் கொண்டு இணைத்துக்கொள்ளுங்கள்.

மண்பாண்டத்துக்குக் காருக்குறிச்சி ஊர் இருக்கிறது. அங்கே போக முடியாவிட்டால் பொங்கல் சமயத்தில் பானைகள் திருநெல்வேலி டவுனுக்கும் பாளையங்கோட்டைக்கும் வந்துவிடும். சின்னக் கலயம் ஒன்றை உறியில் தொங்கவிட்டு மணி பிளான்ட் வைத்தால் மூலை உயிர் பெறும். இப்போது மேக்ரமே என்ற பெயரில் நிறைய விலைக்கு விற்பதும் நம் உறியும் ஒரே முடிச்சு வேலைதான். பன்னிரண்டு அடிக் கயிறு நான்கு எடுத்து, நான்கையும் நடுவில் மடித்து ஒரு வளையத்தில் மாட்டினால் எட்டுச் சரடு தொங்கும். இரண்டிரண்டாகச் சேர்த்து வளையத்திலிருந்து மூன்றடி கீழே நான்கு முடிச்சு. அதற்கு நான்கு அங்குலம் கீழே, ஒரு ஜோடியில் ஒரு சரடும் பக்கத்து ஜோடியில் ஒரு சரடுமாக மாற்றிச் சேர்த்து மறுபடியும் நான்கு முடிச்சு. இன்னும் நான்கு அங்குலம் கீழே எட்டையும் ஒன்றாகச் சேர்த்து இறுக்கிக் கட்டுங்கள். கலயம் அந்த வலைக்குள் உட்கார்ந்துகொள்ளும். தென்னை நார்க் கயிறு பார்க்க அழகு, ஆனால் கையைக் குத்தும். பருத்திக் கயிறு எளிது. மண்ணும் தண்ணீரும் சேர்ந்தால் எடை கூடும் என்பதால் இதை வெண்டிலேட்டரில் கட்டாதீர்கள், தொட்டில் கொக்கிதான் சரி.

கலயத்துக்கு வெளியே வண்ணம் பூசப் போகிறீர்கள் என்றால் உள்ளே ஒரு பிளாஸ்டிக் தொட்டியை வைத்து அதில் செடி நடுங்கள். நேரடியாக நட்டால் தண்ணீர் மண் சுவர் வழியே கசிந்து வந்து பெயிண்ட்டை உள்ளிருந்தே தள்ளிவிடும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் வெள்ளை வெள்ளையாகவும் பூக்கும். முதல் பூச்சு நீர்க்க இருக்கட்டும், மண் அதைக் குடித்துக்கொள்ளும். காய்ந்த பிறகு இரண்டாவது பூச்சு பூசுங்கள்.

பழைய பருத்திச் சேலையில் ஜன்னல் திரை தைக்கலாம். வாழைநாரைப் பசை தடவிய பாட்டிலில் நெருக்கிச் சுற்றினால் காய்ந்த பூ வைக்க ஜாடி ஆகும். பழைய சொளகு (முறம்) கிடந்தால் அதையும் துடைத்துத் தொங்கவிடுங்கள்.

திருச்செந்தூர் போய்ச் சிப்பி பொறுக்கி வந்து அலங்காரம் செய்யலாமா என்று பலர் கேட்பார்கள். கரையில் ஒதுங்கிய சாதாரணச் சிப்பி என்றால் சரி. நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை ஊறவைத்து உப்பை எடுக்காவிட்டால் மழைக்காலம் முழுக்கக் கசிந்து நாறும். பவளத் துண்டைத் தொடவே வேண்டாம். பவளமும் சில சங்கு வகைகளும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கின்றன. கடைக்காரர் விற்கிறாரே என்பது பதிலாகாது.

பராமரிப்பு பெரிய வேலை இல்லை. மாதம் ஒரு தடவை பாயையும் ஓலையையும் கழற்றி, உலர்ந்த துணியால் தூசி தட்டி, இளங்காலை வெயிலில் அரைமணி நேரம் வையுங்கள். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை பதினைந்து நாளுக்கு ஒரு முறை பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பூஞ்சைப் புள்ளி தெரிந்தால் உடனே துடைத்து உலர்த்தினால் போய்விடும்.

மகளுக்கு என்ன கொடுப்பது? பிளேடும் கொதிக்கிற சாயமும் உங்கள் கையில் இருக்கட்டும். கீறி நனைத்த ஓலையைக் கொடுத்தால், மேலே கீழே என்று அவளே பின்னிவிடுவாள். முதலில் ஆறுக்கு ஆறு கீற்றில் ஒரு சின்னச் சதுரம், டீ டம்ளர் வைக்கிற அளவுக்குப் போதும். அதோடு நான்கு மண் மூடியும் கொஞ்சம் காவியும் வெள்ளை அக்ரிலிக் வண்ணமும் கொடுங்கள். காவியைப் பூசிக் காயவைத்து, வாசலில் நீங்கள் போடுகிற புள்ளிக் கோலத்தை அதன் மேல் வெள்ளையில் போடச் சொல்லுங்கள். வெள்ளைக்குச் சுண்ணாம்பு வேண்டாம், பிள்ளை கண்ணில் பட்டால் ஆபத்து. மூடி காய்ந்ததும் விளிம்பைச் சுற்றிக் கயிற்றை இறுக்கிக் கட்டி, அதிலேயே ஒரு கண்ணி விட்டு, ஜன்னல் கம்பியில் அவள் கைக்கு எட்டுகிற உயரத்தில் மாட்டச் சொல்லுங்கள்.