ஸகாத் கொடுத்த மணல்

அஸ்ஸலாமு அலைக்கும் நானா,

நான் திருகோணமலை மாவட்டம் கிண்ணியாவைச் சேர்ந்தவன். சிவில் எஞ்சினியரிங் இரண்டாம் வருடம் படிக்கிறேன். என் மாமா ஒருவர் மண் வியாபாரம் செய்கிறார். இரண்டு டிப்பர் வைத்திருக்கிறார், மகாவலி ஆற்றில் மண் ஏற்றப் பர்மிட்டும் இருக்கிறது. நல்ல மனிசன். ஒவ்வொரு றமழானிலும் கொப்பியை விரித்து வைத்து, நூற்றுக்கு இரண்டரை வீதம் ஒரு சதம் பிசகாமல் ஸகாத் கொடுப்பார். பள்ளிவாசல் வேலைகளுக்கும் அவர்தான் முன்னுக்கு நிற்பார்.

போன விடுமுறையில் வீட்டில் இருந்தபோது, ஆற்றங்கரையில் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் வந்து, தன் காணி ஆற்றுக்குள் போகிறது என்று சத்தம் போட்டார். மாமா அமைதியாகத்தான் பதில் சொன்னார்: “நான் பர்மிட்டோட ஏத்துறன். ஸகாத்தும் குடுத்திட்டன். என்ட காசு சுத்தமான காசு.” அந்தப் பதிலில் ஏதோ பிழை இருக்கிறது என்று தோன்றுகிறது, எது என்று சொல்லத் தெரியவில்லை. செல்வத்தைப் பற்றி இஸ்லாம் சொல்வதெல்லாம் ஸகாத்தோடு முடிந்துவிடுகிறதா?

இன்னொன்று. என் படிப்புச் செலவை மாமாதான் பார்க்கிறார். அந்தக் காசை நான் வாங்கலாமா?

(பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

வஅலைக்குமுஸ்ஸலாம் தம்பி,

நான் மௌலவி இல்லை. பத்வா (மார்க்கத் தீர்ப்பு) வேண்டுமென்றால் படித்த ஆலிம் ஒருவரிடம் போங்கள். அதுவும் உங்கள் மாமாவிடம் நன்கொடை வாங்காத பள்ளிவாசலில் இருப்பவராகப் பார்த்துப் போங்கள். வாசித்து யோசித்ததை மட்டும் நான் சொல்கிறேன்.

ஸகாத் என்பது நமக்குச் சொந்தமான பொருளில் ஏழைக்கு இருக்கும் பங்கு. நமக்குச் சொந்தமில்லாத ஒன்றை, நூற்றுக்கு இரண்டரை கட்டி நம் பெயருக்கு மாற்றிக்கொள்ள மார்க்கத்தில் வழியில்லை. அது எப்படிக் கைக்கு வந்தது என்ற கேள்வி ஸகாத்துக்கு முந்தியது. மாமா இரண்டாவது கேள்விக்கு விடை எழுதிவிட்டு, முதல் கேள்விக்கும் மார்க்ஸ் கேட்கிறார்.

ஸஹீஹ் முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பில் ஒரு சின்னச் சம்பவம் உண்டு. பஸ்ராவின் ஆளுநராக இருந்த இப்னு ஆமிர் நோயில் கிடக்கிறார். பார்க்கப் போன நபித்தோழர் இப்னு உமரிடம், எனக்காக துஆ (பிரார்த்தனை) செய்யக் கூடாதா என்று கேட்கிறார். “தூய்மை இல்லாமல் தொழுகை ஏற்கப்படாது, பொதுச் சொத்தில் மோசடி செய்ததிலிருந்து தர்மம் ஏற்கப்படாது என்று அல்லாஹ்வின் தூதர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நீங்களோ பஸ்ராவின் பொறுப்பில் இருந்தவர்” என்கிறார் இப்னு உமர். நோயாளியைப் பார்க்கப் போன இடத்தில் சொல்கிற பேச்சா இது என்று எனக்கும் தோன்றியதுண்டு. ஆனால் ஒழு (தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவுவது) இல்லாமல் தொழுவதையும் பொதுச் சொத்தை எடுத்துத் தர்மம் செய்வதையும் நபியவர்கள் ஒரே வாக்கியத்தில் வைத்தார்கள். ஒழு விட்டுப்போனதென்றால் ஸப்பிலிருந்து (தொழுகை வரிசையிலிருந்து) விலகிப் போய் எடுத்துவிட்டு வருகிறோம். மற்றதற்கு அந்தப் பதற்றம் நமக்கு வருவதில்லை.

சரி, ஆற்று மணல் பொதுச் சொத்தா? இதற்கு என்னிடம் இருக்கும் நல்ல விடை யெமனிலிருந்து வருகிறது. அப்யள் இப்னு ஹம்மால் (ரழி) என்பவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, அங்கே மஃரிப் என்ற ஊரில் இருக்கும் உப்பைத் தனக்குத் தரும்படி கேட்டார். நபியவர்கள் கொடுத்துவிட்டார்கள். அவர் திரும்பிப் போனதும் சபையில் இருந்த ஒருவர், “எதைக் கொடுத்தீர்கள் தெரியுமா? வற்றாத தண்ணீரை அல்லவா கொடுத்துவிட்டீர்கள்” என்றார். கொடுத்ததை நபியவர்கள் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அபூதாவூத், திர்மிதி ஹதீஸ் தொகுப்புகளில் இது இருக்கிறது. இதை வைத்துத்தான் நம் ஷாஃபி மத்ஹபின் (நாம் பின்பற்றும் சட்ட வழியின்) நூல்கள், பாடுபட்டுத் தோண்டாமலே வெளியில் கிடைக்கும் உப்பு, கந்தகம், கீல் போன்றவற்றைத் தனியொருவருக்கு உரிமையாக்க ஆட்சியாளருக்கே அதிகாரமில்லை என்கின்றன.

பழைய சட்ட அறிஞர்கள் இதற்குள்ளும் ஒரு வித்தியாசம் பார்த்தார்கள். கடலோரத்துத் தரையைத் திருத்தி, கடல் தண்ணீரை உள்ளே விட்டு உப்பு விளைவித்தால் அந்த நிலம் திருத்தியவனுக்கு உரிமையாகலாம். நிலாவெளி உப்பளத்தில் பாத்தி கட்டுகிறவனின் கதை இது. மஃரிப் உப்பில் மனிதன் பட்ட பாடு எதுவுமில்லை. அது சும்மா கிடந்தது.

ஸகாத்தின் வீதங்களும் இப்படித்தான் நிற்கின்றன. புதையல் கிடைத்தால் ஐந்தில் ஒன்று. மழையிலோ ஆற்றுப் பாய்ச்சலிலோ விளைந்த வெள்ளாமைக்குப் பத்தில் ஒன்று, இறைத்துப் பாய்ச்சியதற்கு இருபதில் ஒன்று. வியாபாரப் பொருளுக்கு நாற்பதில் ஒன்று. மனிதன் பாடுபடப் படக் கொடுக்க வேண்டியது குறைகிறது, சும்மா வந்தது கூடக்கூட அடுத்தவனின் பங்கும் கூடுகிறது. கந்தளாய்ப் பக்கம் பெரும்போகத்துக்கு மூடை கணக்கில் ஸகாத் கொடுக்கும் விவசாயிக்கு இது மனப்பாடம். மண் வியாபாரியோ, ஆறு சுமந்து கொண்டுவந்து போட்டதை டீசல் ஊற்றி ஏற்றிவிட்டு, எல்லாம் தன் வியாபாரம் என்று நாற்பதில் ஒன்றோடு கணக்கை மூடுகிறார். டிப்பரும் டீசலும் சாரதியின் சம்பளமும் அவருடையவைதான், மறுக்கவில்லை. மணல் எந்த நிரலில் வருகிறது?

பர்மிட் இருக்கிறதே என்பார். இருக்கட்டும். பொதுச் சொத்துக்கு அரசு காவல்காரன். காவல்காரன் ஓர் அளவுக்கு அனுமதி தருகிறான். பர்மிட்டில் எத்தனை கியூப் மணல், ஆற்றிலிருந்து போனது எத்தனை கியூப்? இந்தக் கணக்கு மாமாவின் றமழான் கொப்பியில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். ஒரே பர்மிட் துண்டில் இரண்டு முறை ஓடிய டிப்பர்களைப் பற்றி நம் மாவட்டத்தில் கேள்விப்படாதவர் உண்டா?

மகாவலியில் இன்னொரு சிக்கல், மணல் முன்பு போல வருவதில்லை. மேலே கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகலை என்று வரிசையாக அணைகள். அவை தண்ணீரை மட்டுமல்ல, மணலையும் மறிக்கின்றன. ஆக, கொட்டியாரக் குடாவுக்குச் சமீபமாக நாம் அள்ளுவது பெரும்பாலும் பழைய காலத்து இருப்பு. அள்ள அள்ள ஆற்றின் அடி தாழ்கிறது, கரை கால் இழக்கிறது, கடல் தண்ணீர் உள்ளே ஏறுகிறது, அப்புறம் கிணறு உவர்க்கிறது. நான் பார்த்த ஒரு கரையில் மருத மரத்தின் வேர் பாதி வெளியில் தொங்கியது. வேலிக் கட்டை ஒன்று அடியில் மண்ணே இல்லாமல் முட்கம்பியில் ஆடிக்கொண்டு நின்றது. அந்தக் கட்டைக்கு இந்தப் பக்கம் இருந்த காணிக்கு உறுதிப்பத்திரம் இருக்கிறது, காணிதான் இல்லை.

உங்கள் வீட்டுக்கு வந்து சத்தம் போட்ட மனிதருக்கு வருகிறேன். அவர் கேட்டது ஸகாத் அல்ல, நட்டஈடு. “தீங்கு செய்வதும் இல்லை, தீங்குக்குத் தீங்கு செய்வதும் இல்லை” என்ற ஹதீஸ் மதரஸாப் பிள்ளைக்கும் பாடம். அடியான் அடியானுக்குக் கொடுக்க வேண்டிய கடனை, உரியவன் மன்னிக்கும் வரை அல்லாஹ்விடம் அழுதும் தீர்க்க முடியாது என்றுதான் நமக்குச் சொல்லித் தந்தார்கள். மாமாவின் டிப்பரால்தான் அந்தக் கரை போனதா என்பது எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்வது மாமாவின் கடமை.

நம் மிம்பர்களைப் (பள்ளிவாசல் பிரசங்க மேடைகளைப்) பற்றியும் ஒரு வார்த்தை. வீண்விரயம் என்றால் குத்பாவில் (வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்தில்) ஒழு எடுக்கும் பைப்பு வந்துவிடும். வரட்டும், நபியவர்கள் இரு கை கொள்ளும் அளவான ஒரு ‘முத்’ தண்ணீரில் ஒழுச் செய்தவர்கள். நாம் பைப்பை முழுக்கத் திறந்துவிட்டுச் சட்டைக் கையை மடிக்கிறோம். ஆனால் பைப்பைப் பேசும் குத்பா டிப்பரைப் பேசுவதில்லை. மேல்மாடிக்குக் கொங்கிரீட் போட்ட மணல் யார் கொடுத்தது என்பது எல்லோருக்கும் தெரியும். இதைச் சொல்லும்போதே, ஆற்றில் கழுத்தளவு தண்ணீரில் நின்று வாளியால் அள்ளும் பொடியன்மாரையும் நினைக்கிறேன். மண் தடை என்று வந்தால் முதலில் அடுப்பு அணைவது அவர்கள் வீட்டில். அவர்களையும் மாமாவையும் ஒரே தராசில் நிறுக்க நான் தயாரில்லை. பொலிஸ் பெரும்பாலும் பிடிப்பது அவர்களைத்தான் என்பது வேறு கதை.

உங்கள் படிப்புக் காசு. ஹலாலும் சந்தேகமானதும் கலந்த வருமானமுள்ளவர் தருவதை வாங்கிக்கொள்ள அறிஞர்கள் பலர் இடம் கொடுத்திருக்கிறார்கள். தருகிறவரின் கணக்கு தருகிறவருக்கு. மாமாவின் உழைப்பும் அதில் இருக்கிறது. வாங்குங்கள், படியுங்கள். வாங்குகிறோம் என்பதற்காக வாயை மூடிக்கொள்ளத்தான் வேண்டாம். சபையில் வைத்துக் கேட்காதீர்கள், பெரிய மனிசர் கூசிப்போவார். ஜும்ஆ முடிந்து சாப்பிட்ட பிறகு, தனியாக இருக்கும்போது முதலில் கியூப் கணக்கைக் கேளுங்கள். தோட்டக்காரரின் கதையை அதற்குப் பிறகு எடுங்கள்.

நீங்கள் படிக்கும் பாடத்தை வைத்தும் அவரிடம் பேசலாம். கடலிலிருந்து எடுத்துக் கழுவிய மணல் கொழும்புப் பக்கம் கட்டடங்களுக்குப் போகிறது, கருங்கல்லை உடைத்துச் செய்யும் மணலும் சந்தையில் இருக்கிறது. இரண்டுக்கும் தனித்தனியாகச் சேதக் கணக்கு உண்டு, கல்குவாரிக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களைக் கேட்டால் தெரியும். டிப்பர் இரண்டும் எதை ஏற்றினாலும் ஓடும். எந்த வேலைக்கு எந்த மணல் தாங்கும், ஒரு கியூப் என்ன விலைக்கு வந்து இறங்கும் என்று நீங்கள் கணக்குப் போட்டுக் கொடுத்தால், ஆலிம் சொல்வதை விட அதை அவர் கூடக் கவனமாகக் கேட்பார் என்று நினைக்கிறேன்.

வஸ்ஸலாம்.