மென்பொருள் காப்புரிமை: மனுவில் எழுதாததை இனி சேர்க்க முடியாது

கேள்வி: தேடலை வேகமாக்கும் ஒரு தரவு அமைப்பை வருடக்கணக்கில் உழைத்து உருவாக்கினேன். வெறும் கணினி நிரலுக்குக் காப்புரிமை இல்லை என்னும் இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 3(கே)-ஐச் சொல்லி காப்புரிமை அலுவலக ஆய்வாளர் ஆட்சேபிக்கிறார். அமெரிக்காவில் இதற்கெல்லாம் கொடுக்கிறார்களே! என் பழைய கூட்டாளி இதே முறையை விற்றுக்கொண்டிருக்கிறார். விளக்கத்தை விரிவாக்கி மறுபடி தாக்கல் செய்யலாமா?

பதில்: கூட்டாளி செய்தது துரோகமாகவே இருக்கட்டும், ஆய்வாளருக்கு அதனால் ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் 1994-இல் லௌரி வழக்கில் நினைவகத்தில் உள்ள தரவு அமைப்பை ஏற்றார்கள், உண்மைதான். அந்தப் பாணியில் ‘நினைவகத்தில் சேமிக்கப்பட்ட தரவு’ என்று உரிமைகோரல் (எதற்கு உரிமை கேட்கிறீர்கள் என்று சொல்லும் பகுதி) எழுதினால், இங்கே அதை வேடம் மாற்றிய நிரலாகத்தான் பார்ப்பார்கள்.

முதலில் தாக்கல் செய்த விவரக்குறிப்பை, அதாவது கண்டுபிடிப்பை விளக்கும் ஆவணத்தை, எடுத்துப் பாருங்கள். உங்கள் அமைப்பால் கணினிக்குள் என்ன மாறுகிறது என்று அதில் இருக்கிறதா? வட்டைப் படிக்கும் தடவை குறைகிறதா, நினைவகம் மிச்சமாகிறதா, எப்படி? தொழில்நுட்ப விளைவு இருந்தால் காப்புரிமை பெறத் தடையில்லை என்று 2019-இல் ஃபெரித் அல்லானி வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பு கைகொடுக்க, விளைவு உங்கள் காகிதத்தில் இருக்க வேண்டும்.

என்னிடம் வருபவர்கள் விழுவது இங்கேதான். முதலீட்டாளருக்குத் தயாரித்த அறிக்கையை அப்படியே விவரக்குறிப்பாக்கிவிடுவார்கள். வாடிக்கையாளர் வசதி, சந்தை வாய்ப்பு எல்லாம் இருக்கும், இயந்திரம் மட்டும் இருக்காது. ஆட்சேபம் வந்ததும் பத்துப் பக்கம் சேர்க்கிறேன் என்பார்கள். பிரிவு 59 விடாது. ஏற்கெனவே வெளிப்படுத்தியதற்குள் திருத்தலாம், குறுக்கலாம், புதிய விஷயத்தை நுழைக்க முடியாது.

சரி, புது மனு? 18 மாதம் தாண்டி முதல் மனு வெளியாகியிருந்தால், அதுவே உங்களுக்கு எதிரான முன்னறிவு, அதாவது ஏற்கெனவே வெளியே தெரிந்துவிட்ட விஷயம். புதிதாகச் சேர்ப்பது தன்னளவில் கண்டுபிடிப்பாக நிற்க வேண்டும். பெரும்பாலும் நிற்பதில்லை, கட்டணம்தான் இரண்டு முறை போகும்.

விவரக்குறிப்பில் அந்த விஷயம் இருந்தால் உரிமைகோரலைக் குறுக்கிப் போராடுங்கள். இல்லையென்றால் கூட்டாளியோடு சமரசம் பேசுங்கள். காப்புரிமை கிடைக்கும்வரை மீறல் வழக்கே போட முடியாது. பதிப்புரிமை நீங்கள் எழுதிய நிரலைக் காக்கும், யோசனையைக் காக்காது. அவர் சொந்தமாக எழுதியிருந்தால் அதுவும் கைவிட்டுப் போகும். மனு நிலுவையில் இருக்கும்போதுதான் அவருக்கு உங்களிடம் கொஞ்சமாவது பயம் இருக்கும். இப்போதே ஒரு தொகைக்கு உரிமம் கொடுத்துவிடுங்கள். அப்புறம், மனுவின் முடிவு எதுவானாலும் தொகையைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.