யூகேயில் ஒரு வருட மாஸ்டர்ஸ் செய்ய, கொழும்பில் இருக்கும் வீட்டை ஈடு வைத்துக் கடன் எடுக்கலாமா?

கேள்வியின் சுருக்கம் இது. வயது 26, கொழும்பில் மாதம் 160,000 ரூபா சம்பளம். லண்டனுக்கு வெளியே ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது, கட்டணம் 16,000 பவுண். அம்மாவின் பெயரில் கொட்டாஞ்சேனையில் வீடு. கடைசியில், "அங்கே இரண்டு வருஷம் வேலை செய்தால் கட்டிவிடலாம் தானே?"

அந்தக் கடைசி வரியைப் பார்த்துவிட்டுச் சும்மா கடந்து போக முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

வீடு அம்மாவின் பெயரில் என்றால் அது அவருக்குச் சீதனமாக வந்த வீடாக இருக்கும் என்று நினைக்கிறேன். தங்கச்சி ஒருத்தி இருந்தால், நாளைக்கு அது அவளுக்கு என்று வீட்டில் பேச்சும் இருக்கும். அப்படியானால் நீங்கள் ஈடு வைக்கப்போவது மூன்று பேருடைய வீட்டை. என் பதில்: போகலாம். ஆனால் படிப்பு முடிந்து அடுத்த மாதமே திரும்பி வந்தாலும் கொழும்புச் சம்பளத்தில் கட்டக்கூடிய கடனோடு மட்டும் போங்கள். பவுணில் உழைத்துக் கட்டுவேன் என்ற நம்பிக்கையை வைத்து வீட்டு உறுதிப் பத்திரத்தை வங்கியில் கொடுக்காதீர்கள்.

என் கதையைச் சொன்னால் ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று விளங்கும்.

2021 செப்டம்பரில் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இருக்கும் ஒரு நகரத்துக்கு மருத்துவப் புள்ளிவிவரவியல் படிக்கப் போனேன். கட்டணம் 15,000 பவுண். அப்போது ஒரு பவுண் 270, 275 ரூபா. பாதியைப் போகும் முன்பே கட்டியாயிற்று. மீதி 7,500ஐ 2022 ஏப்ரல் முடிவுக்குள் கட்டவேண்டும். அப்பா அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் கணக்குப் பகுதியில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு கொப்பியில் கோடு போட்டு, பவுண் 300க்குப் போனாலும் சமாளிக்கும்படிதான் கணக்கு எழுதினார். வடமராட்சியில் இருந்த காணியின் உறுதி வங்கிக்குப் போனது. அந்தக் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. இன்றைக்கும் அந்தக் கொப்பியை எடுத்துப் பார்த்தால், அந்த நேரத்தில் ஒரு மனிதன் அதைவிடக் கவனமாக எழுதியிருக்க முடியாது என்றுதான் தோன்றுகிறது.

2022 மார்ச் 7ஆம் திகதி மத்திய வங்கி ரூபாவைத் தளரவிட்டது. 200 சொச்சத்தில் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. ஏப்ரல் 8ஆம் திகதி வங்கிகளின் வட்டியை ஏற்றி இறக்கும் கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 வீதப்புள்ளி கூட்டினார்கள். ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்டமாட்டோம் என்று நாடே அறிவித்தது. என் மீதிக் கட்டணம் இதற்கு நடுவில் மாட்டிக்கொண்டது.

அதிலும் காசு இருந்தால் மட்டும் போதவில்லை. வங்கியில் பவுணே இல்லை. காலி வீதிக் கிளை ஒன்றுக்கு அப்பா பல்கலைக்கழகத்தின் விலைச்சிட்டை, ஓஃபர் லெட்டர், என் விசாப் பிரதி எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கோப்பில் போட்டுக்கொண்டு நடையாய் நடந்தார். "இன்றைக்கு ஒதுக்கீடு முடிந்துவிட்டது ஐயா, நாளைக்கு வந்து பாருங்கோ." அந்த நாட்களில் பஸ்ஸுக்கு டீசல் இல்லை, வீட்டில் காஸ் இல்லை, மின்சாரம் எப்போது வரும் என்று தெரியாது. 67 வயதில் ஒரு மனிதர் வெள்ளவத்தையில் காஸ் வரிசையில் அம்மாவை நிறுத்திவிட்டு, தான் வங்கி வரிசையில் போய் நின்றார்.

ஒருநாள் காசு அனுப்பிய துண்டைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் போட்டார். தொகை, கணக்கு இலக்கம், திகதி எல்லாம் இருந்தன. மாற்று வீதம் என்ற கட்டத்தைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டிருந்தார். 440க்குக் கிட்ட. கீழே ஒரு சொல்லும் எழுதவில்லை. 20 லட்சத்துக்கு முடியவேண்டிய பாதிக் கட்டணம் 33 லட்சத்துக்கு முடிந்திருந்தது.

பகுதிநேர வேலை செய்திருக்கலாமே என்று கேட்பீர்கள். செய்தேன். முதியோர் இல்லம் ஒன்றில், பெரும்பாலும் இரவு. படிப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணித்தியாலம்தான் அனுமதி. 2022 ஏப்ரலில் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 9 பவுண் 50 பென்ஸ் ஆனது. வாரத்துக்கு 190. மாதம் 800 சொச்சம். அறை வாடகை 450. சாப்பாடு, பஸ், போன் என்று மீதி போய்விடும். அந்தச் சம்பளம் உயிர்வாழ உதவும், கட்டணத்தை அடைக்காது. இன்னொன்று, கோடை விடுமுறையில் முழுநேரம் வேலை செய்யலாம் என்று இங்கே மாணவரை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சியில் சொல்வார்கள். அது முதல் டிகிரி மாணவருக்கு. மாஸ்டர்ஸில் கோடை என்பது ஆய்வறிக்கை எழுதும் காலம், பாடநெறி முடியும்வரை அதுவும் தவணைக்காலம்தான். இதைப் போய் இறங்கிய பிறகு கேள்விப்பட்ட பிள்ளைகள் என்னோடு இருந்தார்கள், அவர்களுக்காக இன்றும் கோபம் வருகிறது.

இதற்கிடையில் காணிக் கடனின் வட்டி. எடுக்கும்போது 11 வீதம், ஆனால் மாறும் வட்டி. 2022 முடியும்போது அது 25ஐத் தாண்டிவிட்டது.

படிப்பு முடிந்தது, நல்ல பெறுபேறு. அங்கேயே இரண்டு வருடம் நிற்கும் விசாவுக்கு அப்போது 715 பவுண், சுகாதாரக் கட்டணம் வருடத்துக்கு 624 வீதம் இரண்டு வருடத்துக்கு. கூட்டினால் 2,000 பவுணுக்கு ஒரு சின்னக் குறை. வேலை கிடைக்கும் முன்பே கட்டவேண்டிய காசு. அதே நேரம் கொழும்பில், மருந்துப் பரிசோதனைத் தரவுகளை ஆராயும் வேலை ஒன்றுக்கு இணையவழி நேர்முகம் முடித்திருந்தேன். சம்பளத்தின் ஒரு பகுதி டொலரோடு கட்டியது. யோசித்துத்தான் திரும்பி வந்தேன். கடன் முடிய வருடங்கள் போயின, சம்பளத்தில் பாதிக்கு மேல் தவணைக்கே போன காலமும் இருந்தது. ஆனால் முடிந்துவிட்டது. உறுதி அப்பாவின் அலுமாரிக்குத் திரும்பி வந்துவிட்டது. அந்தப் படிப்பு இல்லாமல் இந்த வேலை எனக்குக் கிடைத்திருக்காது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். ஆகவே "படிக்க வேண்டாம் என்று பயமுறுத்துகிறாள்" என்று யாரும் எழுத வேண்டாம்.

லண்டனில், பர்மிங்ஹாமில் இருந்து "நாங்கள் கட்டி முடித்துவிட்டோமே, வீடும் வாங்கிவிட்டோமே" என்று சிலர் எழுதுவீர்கள். எழுதுங்கள், சந்தோஷம். உங்கள் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஈட்டில் மூழ்கிய வீடுகளின் சொந்தக்காரர்கள் இங்கே வந்து பதில் எழுதுவதில்லை.

திரும்பி வந்தவளுக்கு ஊரில் என்ன பெயர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பம்பலப்பிட்டியில் ஒரு கலியாண வீட்டில், சாப்பாட்டுப் பந்தியில் வைத்து அம்மாவிடமே ஒரு அன்ரி கேட்டார்: "பிள்ளையை அங்க இருந்து அனுப்பிப் போட்டாங்களோ?" விசா முடியும் முன்பே நானாகத் திரும்பினேன் என்று அம்மா சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை. படிக்கப் போவது என்றால் திரும்பி வராமல் இருப்பது என்று எங்கள் சனம் முடிவு கட்டிவிட்டது. உங்கள் கேள்வியில் இருக்கும் "தானே" அங்கேயிருந்துதான் வருகிறது. அந்த அழுத்தத்தில்தான் பிள்ளைகள் கடனோடு கடனாக அங்கே இழுபடுகிறார்கள்.

இன்னொரு மனக்குறை, உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். என் பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருக்கிறது. தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி என்று 1987இல் 13ஆம் திருத்தத்திலேயே எழுதியாயிற்று. ஆனால் ஆவணங்களுக்காகக் கொழும்பில் நான் ஏறி இறங்கிய அலுவலகம் ஒன்றில் தமிழ் படிவம் "முடிந்துவிட்டது". சிங்களப் படிவம் கட்டுக்கட்டாக இருந்தது. எனக்குச் சிங்களம் வாசிக்க வரும், நிரப்பிக் கொடுத்தேன். எனக்குப் பின்னால் மட்டக்களப்பில் இருந்து இரவு பஸ்ஸில் வந்த ஒரு அம்மா நின்றார். அவருடைய படிவத்தையும் நானே நிரப்பினேன். அந்த அலுவலர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். பவுணை 400 ரூபா என்று வைக்கிறேன். கட்டணம் 64 லட்சம். விசாக் கட்டணம் 2025 ஏப்ரலில் 524 பவுண். சுகாதாரக் கட்டணம் மாணவருக்கு வருடம் 776. ஒரு வருடப் படிப்புக்கு முன்னும் பின்னும் சேர்த்துத் தரும் மாதங்களோடு 1,164 வரும். இரண்டும் சேர்த்து ஏழு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. வாழ்க்கைச் செலவுக்கு, லண்டனுக்கு வெளியே மாதம் 1,171 பவுண் வீதம் ஒன்பது மாதத்துக்கான காசு கணக்கில் இருப்பதாக விசாவுக்குக் காட்டவேண்டும் என்பது 2025 நவம்பரில் வந்த விதி. அது 42 லட்சம். ஐஎல்ட்ஸ், காசநோய்ப் பரிசோதனை, டிக்கெட் எல்லாம் இதற்கு மேலே. ஒரு கோடியைத் தாண்டிவிட்டது.

அதில் 80 லட்சத்தைக் கடனாக எடுத்து, 12 வீத வட்டிக்குப் பத்து வருடத்தில் கட்டினால் மாதத் தவணை 115,000 ரூபா அளவில் வரும். உங்கள் சம்பளம் 160,000. அதே கடன் மாறும் வட்டியாக இருந்து 20 வீதத்துக்கு ஏறினால் தவணை 154,000ஐத் தாண்டும். நான் பார்த்தது 25. உங்கள் மாஸ்டர்ஸ் கொழும்பில் உங்கள் சம்பளத்தை இரண்டு மடங்காக்குமா என்று அந்தத் துறையில் இங்கே வேலை செய்பவர்களிடம் கேளுங்கள். ஏஜென்சியிடம் கேட்காதீர்கள். அவர்கள் உங்களிடம் காசு வாங்காமல் ஓடியோடி உதவுவது, பல பல்கலைக்கழகங்கள் முதலாண்டுக் கட்டணத்தில் ஒரு பங்கை அவர்களுக்குக் கொமிஷனாகக் கொடுப்பதால்தான். "காசு காட்டுவதற்கு" 28 நாளுக்குக் கடன் தருகிறோம் என்று யாராவது சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள். அந்தக் காசு 29ஆம் நாள் போய்விடும், நீங்கள் அங்கே போய் எதைச் சாப்பிடுவீர்கள்? பொய் ஆவணம் கொடுத்ததாகப் பிடிபட்டால் பத்து வருடத் தடைவரை போகலாம்.

அங்கே இரண்டு வருடம் என்று நீங்கள் எழுதியதும் மாறுகிறது. 2027 ஜனவரி 1இலிருந்து விண்ணப்பிக்கும் மாஸ்டர்ஸ் மாணவருக்கு, படிப்பு முடிந்து அங்கே நிற்கும் அந்த விசா 18 மாதம்தான்.

கிடைத்த இடத்தை ஒரு வருடம் தள்ளிப்போட முடியுமா என்று பல்கலைக்கழகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். அந்த வருடத்தில் செவனிங், கொமன்வெல்த், இராஸ்மஸ் முண்டஸ் என்ற மூன்று புலமைப்பரிசில்களுக்கும் விண்ணப்பியுங்கள். செவனிங் வழக்கமாக ஆகஸ்ட்டில் திறந்து ஒக்டோபர் தொடக்கத்தில் மூடும், இரண்டு வருட வேலை அனுபவம் கேட்கும், முடிந்ததும் இரண்டு வருடம் நாட்டுக்குத் திரும்பவேண்டும். ஜெர்மனியில் பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்களில் கட்டணம் இல்லை. ஆனால் வருடத்துக்கு 11,904 யூரோவை முடக்கிய கணக்கில் போடவேண்டும். அது உங்கள் காசுதான், மாதாமாதம் உங்களுக்கே வரும்.

எல்லாம் பார்த்த பிறகும் ஈடுதான் வழி என்றால், ஈட்டுப் பத்திரத்தில் வட்டி நிலையானதா மாறுவதா, மாறினால் எத்தனை வீதம்வரை என்ற பகுதியை அம்மாவையும், தங்கச்சி இருந்தால் அவளையும் பக்கத்தில் வைத்து வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். உங்கள் பாடநெறியின் பெயரைக் கீழே எழுதினால், அந்தத் துறையில் கொழும்புச் சம்பளம் எப்படி என்று என் பழைய கம்பஸ் நண்பர்களிடம் விசாரித்துச் சொல்கிறேன்.