303 துப்பாக்கி: என்ஃபீல்டு என்பவர் யார்?

கேள்வி: எங்கள் கல்லூரியின் என்.சி.சி. அறையில், சுட முடியாதபடி செயலிழக்கச் செய்யப்பட்ட பழைய 303 ரைபிள் ஒன்று கண்ணாடிப் பேழையில் இருக்கிறது. ‘லீ, என்ஃபீல்டு ஆகிய இருவர் வடிவமைத்தது’ என்று விளக்க அட்டையில் எழுதலாமா?

பதில்: எழுத வேண்டாம். லீ ஆள், என்ஃபீல்டு ஊர். லண்டனுக்கு வடக்கே அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலை இருந்த இடம் அது. நீங்கள் தேடும் இரண்டாவது ஆள் மெட்ஃபோர்டு. அவர் பெயர் இதற்கு முந்தைய துப்பாக்கியோடு நின்றுவிட்டது.

பிரிட்டன் 1888-இல் ஏற்ற அந்தத் துப்பாக்கிக்கு 1891-இல்தான் லீ-மெட்ஃபோர்டு என்று பெயரிட்டார்கள். தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டும் போல்ட்டும், தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசினும் ஸ்காட்லாந்தில் பிறந்து வட அமெரிக்காவில் வாழ்ந்த ஜேம்ஸ் பாரிஸ் லீயின் வேலை. குழலுக்குள் தோட்டாவைச் சுழல வைக்கும் திருகு வரிகள் ஆங்கிலேயப் பொறியாளர் வில்லியம் எல்லிஸ் மெட்ஃபோர்டு வகுத்தவை. கறுப்பு வெடிமருந்து புகையோடு கரியையும் கக்கும் என்பதால், கரி ஒட்டாதபடி ஏழு வரிகளையும் ஆழமின்றி, விளிம்பு மழுங்கலாக அமைத்திருந்தார். கணக்கு சரிதான், மருந்து மாறாதிருந்தால்! புகை குறைந்த கார்டைட் என்ற வெடிமருந்து வந்ததும் (நீலகிரியின் அருவங்காட்டுத் தொழிற்சாலை பெயரில் ஒட்டிக்கொண்ட அதே கார்டைட்) அதன் கடும் வெப்பம் அந்த மெல்லிய வரிகளை விரைவிலேயே அரித்துவிட்டது. என்ஃபீல்டு தொழிற்சாலை ஆழமான, விளிம்பு கூர்மையான ஐந்து வரிகளை வகுத்தது. 1895-இல் ஆளின் பெயர் போய் ஊரின் பெயர் வந்தது; துப்பாக்கி லீ-என்ஃபீல்டு ஆனது. மெட்ஃபோர்டு மீது குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அட்டையில் ‘வடிவமைப்பு: ஜேம்ஸ் பாரிஸ் லீ, குழல் வரிகள்: என்ஃபீல்டு தொழிற்சாலை’ என்று எழுதுங்கள். தயாரித்த இடத்தைப் பெயரை வைத்து ஊகிக்காதீர்கள். வங்காளத்தின் இஷாப்பூரிலும் ஆஸ்திரேலியாவின் லித்கோவிலும் இவை செய்யப்பட்டன. போல்ட் கைப்பிடிக்குக் கீழே, தோளில் வைக்கும் கட்டை தொடங்கும் இடத்தைச் சுற்றியுள்ள இரும்பு வளையத்தின் வலப்புறத்தைப் பாருங்கள். ஆலையின் பெயரும் ஆண்டும் பெரும்பாலும் அங்கே பொறிக்கப்பட்டிருக்கும்.

மேகசினையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அது சற்றுச் சதுரமாக, 12 தோட்டா கொள்வதாக இருந்தால், உங்களிடம் இருப்பது 0.303 அங்குலத் தோட்டாவுக்கான 303 அன்று. 1962 போருக்குப் பின் 7.62 மி.மீ. தோட்டாவுக்காக இஷாப்பூரில் செய்யப்பட்ட 2ஏ அல்லது 2ஏ1 ரக ரைபிள்.